முத்திரை சொல்வதும் சொல்லாததும்: ‘எச்டி’, ‘4கே’ லேபல்கள் பற்றி ஒரு திறனாய்வு



திறனாய்வு என்றவுடன் கவிதை, சிறுகதை, நாவல் என்றுதான் நமக்கு நினைவு வரும். இந்த முறை நாம் எடுத்துக்கொள்ளும் பனுவல் மிகச் சிறியது. தொலைக்காட்சிப் பெட்டியின் அட்டையிலும், அலைவரிசைப் பெயரின் ஓரத்திலும், யூடியூப் காணொளித் தலைப்பிலும், யாரோ பென்டிரைவில் கொடுக்கும் படத்தின் கோப்புப் பெயரிலும் இருக்கும் இரண்டு மூன்று எழுத்துகள்தாம் அது. எச்டி, ஃபுல் எச்டி, 4கே, அல்ட்ரா எச்டி, எச்டிஆர், வெப் ரிப். இவற்றை நாம் வாசிப்பதில்லை. பார்த்தவுடன் நம்பிவிடுகிறோம்.

வகுப்பில் ஒரு பழைய படத்தைக் காட்டி, “காட்சியமைப்பைப் பற்றி எழுதுங்கள்” என்று சொல்லும் ஆசிரியருக்கு இது சின்ன விஷயமல்ல. மாணவர் பார்த்தது இயக்குநர் எடுத்த படமா, அல்லது இடையில் யாரோ வெட்டி, இழுத்து, அமுக்கிய படமா என்பது தெரியாமல் எழுதப்படும் திறனாய்வு யாரைப் பற்றியது?

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: இந்த முத்திரைகளில் பெரும்பாலானவை பாத்திரத்தின் அளவைச் சொல்கின்றன, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஐந்து லிட்டர் குடம் என்று எழுதியிருப்பதால் அதில் ஐந்து லிட்டர் தண்ணீர் இருக்கும் என்று பொருளில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம்

தமிழாசிரியர்கள் முதலில் நிற்க வேண்டிய இடம் மொழிபெயர்ப்பு. ‘எச்டி’ என்பதைப் பல இடங்களில் ‘உயர் வரையறை’ என்று எழுதுகிறார்கள். ‘வரையறை’ என்பது ஒரு சொல்லுக்கோ கருத்துக்கோ எல்லை வகுத்துப் பொருள் சொல்வது. ஆங்கிலத்தில் அதே சொல்லுக்குப் படத்தின் தெளிவு என்ற பொருளும் உண்டு. மொழிபெயர்த்தவர் அகராதியின் முதல் பொருளை எடுத்துக்கொண்டார். தேவைப்பட்டது இரண்டாம் பொருள். ‘உயர்தெளிவு’ என்றால் கருத்து நேரே விளங்கும்.

இதைவிட வேடிக்கை ‘தீர்மானம்’. இணையப் பக்கங்களிலும் செயலிகளிலும் “1080பி தீர்மானம்” என்று வருகிறது. யார் முன்மொழிந்து, யார் வழிமொழிந்தார்கள்? எந்தச் சங்கக் கூட்டத்தில் நிறைவேறியது? படத்தைப் பற்றிப் பேசும்போது வேண்டிய சொல் ‘தெளிவுத்திறன்’. மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளே போதும். ஒரு சொல் எந்தத் துறையில் நிற்கிறது என்று பார்க்காமல் பெயர்த்தால் பொருள் எப்படிக் கெடுகிறது என்பது மாணவர்களுக்கு உடனே பிடிபடும்.

மின்னியல் வேறு, உயர்தெளிவு வேறு

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. வண்ணம் வந்தது 1978-இல். அக்காலத்து வீட்டுக்கூரை ஏரியல் வாங்கிக் காட்டிய படம் 625 வரிகள் கொண்ட ‘பால்’ முறை. அதில் 576 வரிகளே படத்தைத் தாங்கின. அந்தப் பழைய அலைமுறை ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏரியல் வழியாக டிவி2 பார்க்கும் வீட்டுக்கு வருவது மைஃபிரீவியூ மின்னியல் ஒளிபரப்பு. அதன் தொழில்நுட்பப் பெயர் டிவிபி-டி2. பழைய பெட்டியாக இருந்தால் டிகோடர் வேண்டும்; புதிய பெட்டிகள் பலவற்றில் அது உள்ளேயே இருக்கிறது.

“டிஜிட்டலுக்கு மாறியாச்சு, இனி எல்லாம் எச்டிதான்” என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். இது முதல் குழப்பம். மின்னியல் என்பது படம் எப்படி அனுப்பப்படுகிறது என்பதைச் சொல்கிறது. உயர்தெளிவு என்பது படத்தில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதைச் சொல்கிறது. ஒன்று இருந்தால் மற்றது இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இதற்குச் சான்று நம் வீட்டுக்கூரையிலேயே இருந்தது. அஸ்ட்ரோ 1996-இல் தொடங்கியபோதே மின்னியல் செயற்கைக்கோள் சேவைதான். ஆனால், அதன் உயர்தெளிவுச் சேவை வந்தது 2009 டிசம்பரில். இடைப்பட்ட 13 ஆண்டுகள் வானவில்லில் நாம் பார்த்தது எல்லாம் மின்னியல். எதுவும் எச்டி அல்ல.

அலைமுறை போய் மின்னியல் வந்ததில் மாறிய இன்னொன்று, படம் கெடும் விதம். முன்பு அலை பலவீனமானால் திரையில் பனி கொட்டும், நிழல் விழும். ஆனாலும் ஏதோ தெரியும், செய்தி வாசிப்பவரின் குரலாவது கேட்கும். மின்னியலில் ஓர் எல்லைவரை படம் சுத்தமாக இருக்கும். எல்லை தாண்டினால் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும். படம் உடையாமல் வருகிறது என்பதையே ‘தரமான படம்’ என்று எடுத்துக்கொள்கிறோம். அது அலையின் நலம் மட்டுமே.

எண்களின் இலக்கணம்

முத்திரைகளின் பின்னால் உள்ள எண்களை வரிசையாக வைப்போம்.

விசிடி: 352 × 288. மொத்தம் 1,01,376 புள்ளிகள்.
டிவிடி, சாதாரண ஒளிபரப்பு: 720 × 576. மொத்தம் 4,14,720.
எச்டி: 1280 × 720. மொத்தம் 9,21,600.
ஃபுல் எச்டி: 1920 × 1080. மொத்தம் 20,73,600.
அல்ட்ரா எச்டி: 3840 × 2160. மொத்தம் 82,94,400.

ஃபுல் எச்டியில் இருப்பது டிவிடியைப் போல் சரியாக ஐந்து மடங்கு. அல்ட்ரா எச்டியில் இருப்பது ஃபுல் எச்டியைப் போல் நான்கு மடங்கு. கணித ஆசிரியரும் இந்தப் பட்டியலை வகுப்பில் பயன்படுத்தலாம்.

இங்கே ஒரு சொல் விளையாட்டைக் கவனியுங்கள். 720, 1080 என்ற முத்திரைகள் படத்தின் உயரத்தை எண்ணுகின்றன. 4கே என்ற முத்திரை திடீரென்று அகலத்தை எண்ணுகிறது. உயரத்திலேயே எண்ணியிருந்தால் ‘2160’ என்று வந்திருக்கும். அகலத்தைச் சொன்னால் எண் பெரிதாகத் தெரிகிறது. அதுவும் வீட்டுப் பெட்டியில் நாலாயிரம் முழுதாக இல்லை, 3840தான். திரையரங்குத் தரத்தில்தான் 4096 வருகிறது. அளவுகோலைப் பாதியில் திருப்பிப் பிடித்துவிட்டு, அதைச் சொல்லாமல் விடுவது விளம்பர மொழியின் பழைய உத்தி.

‘எச்டி ரெடி’ என்ற முத்திரையும் அப்படியே. பெட்டி எச்டி படத்தை வாங்கிக் காட்டத் தயார் என்பது மட்டுமே அதன் பொருள். அந்த முத்திரை தாங்கிய பெட்டிகள் பலவற்றில் திரை 1366 × 768தான். மாணவர் பரீட்சைக்கு ‘தயார்’ என்றால் தேர்ச்சி பெற்றுவிட்டார் என்று பொருளா?

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். 1080பி என்றால் ஒவ்வொரு முறையும் முழுப்படம் வருகிறது. 1080ஐ என்றால் ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என்று அரை அரையாக வருகிறது. தொலைக்காட்சி ஒளிபரப்பில் இந்த ‘ஐ’ வகை பரவலாக உண்டு. அதைச் சரியாகச் சேர்க்காமல் பதிவு செய்தால், ஓடுகிறவரின் கைகால் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும்.

‘எச்டிஆர்’ என்பது எச்டியின் அண்ணன் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் உறவில்லை. எச்டிஆர் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பற்றியதே அல்ல. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே எவ்வளவு பரப்பைக் காட்ட முடியும் என்பதைப் பற்றியது.

முத்திரையில் இல்லாத எண்

இப்போது மையக் கேள்விக்கு வருவோம். குடத்தின் அளவு தெரிந்தது. தண்ணீர் எவ்வளவு?

அதைச் சொல்லும் எண் பிட் வீதம். ஒரு விநாடிப் படத்துக்கு எவ்வளவு தரவு செலவிடப்படுகிறது என்பதே அது. விசிடியில் படத்துக்கு விநாடிக்கு ஏறக்குறைய 1.15 மெகாபிட். டிவிடியில் உச்சவரம்பு 9.8. புளூரேயில் உச்சவரம்பு 40. இந்த எண் எந்தக் கடையிலும், எந்த அட்டையிலும் பெரிய எழுத்தில் இருக்காது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படம், ‘1080பி எச்டி’ என்று பெயர், கோப்பின் அளவு 700 மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆக 5,600 மெகாபிட். இரண்டரை மணி நேரம் என்பது 9,000 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 0.62 மெகாபிட். அதிலும் ஒலிக்கு ஒரு பங்கு போய்விடும்.

அதாவது, விசிடியில் இருந்த தரவில் பாதியளவை வைத்துக்கொண்டு, விசிடியைப் போல் இருபது மடங்கு புள்ளிகளை நிரப்ப வேண்டும்! நியாயமாகச் சொன்னால், இன்றைய சுருக்கமுறைகள் விசிடி காலத்ததைவிட மிகவும் திறமையானவை. 2003-இல் வந்த எச்.264-உம், 2013-இல் வந்த எச்.265-உம் குறைந்த தரவில் நல்ல படம் தரும். ஆகவே, இரண்டு எண்களை மட்டும் நேருக்கு நேர் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனாலும் எந்தச் சுருக்கமுறையும் மந்திரம் செய்வதில்லை. மழைக்காட்சி, கூட்ட நடனம், தீ, புகை என்று வந்தால் அந்தக் கோப்பு திணறும். முகத்தில் இருக்கும் நுண்ணிய அசைவுகள் மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாகிவிடும். “நடிகர் முகத்தில் உணர்ச்சியே இல்லை” என்று எழுதும் மாணவர், உண்மையில் பிட் வீதத்தைத்தான் விமர்சிக்கிறார்.

எங்கிருந்து வந்த படம்?

ஒரு காலத்தில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஒளிநாடாவும் விசிடியும் விற்ற கடைகளில் ‘கிளியர் காப்பி’, ‘மாஸ்டர் காப்பி’ என்ற பேச்சு சாதாரணம். மூன்று தட்டில் ஒரு படம். நடுவில் எழுந்து போய் மாற்ற வேண்டும். இப்போது தட்டு போய்விட்டது, பேச்சு கோப்புப் பெயருக்குள் போய்விட்டது. திரையரங்கில் கேமரா வைத்து எடுத்தால் ‘கேம்’. இணையச் சேவையின் கோப்பை அப்படியே எடுத்தால் ‘வெப்-டிஎல்’. அங்கே ஓடும்போது மறுபதிவு செய்தால் ‘வெப் ரிப்’. ஒளிபரப்பிலிருந்து எடுத்தால் ‘எச்டிடிவி’. தட்டிலிருந்து எடுத்தால் ‘டிவிடி ரிப்’, ‘புளூரே ரிப்’.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கடை அட்டையில் உள்ள முத்திரை படம் எங்கிருந்து வந்தது என்று சொல்வதேயில்லை. திருட்டுப் பிரதியின் முத்திரை அதைச் சொல்கிறது. முத்திரை உண்மை பேசுவதால் சரக்கு நேர்மையாகிவிடாது. திரையரங்கில் படத்தைப் பதிவு செய்வது நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987-இன்படி குற்றம். 2022 மார்ச் 18 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், திருட்டு ஒளியோட்டத்துக்கான கருவிகளையும் சேவைகளையும் விற்பதையும் வழங்குவதையும் குற்றமாக்கியிருக்கிறது. வகுப்புக்கு ‘செம்மண் சாலை’ (2005), ‘ஜகாட்’ (2015) போன்ற நம் நாட்டுத் தமிழ்ப் படங்களைக் காட்ட நினைக்கும் ஆசிரியர்கள் உரிமையுள்ள பிரதியைத் தேடிப் போவதே முறை. கொஞ்சம் பேரை மட்டுமே பார்வையாளராகக் கொண்ட படத்துக்கு ஒவ்வொரு பிரதியும் கணக்கு.

அந்தக் கோப்புப் பெயர்களும் முழு உண்மை பேசுவதில்லை. ‘எச்டிகேம்’ என்று ஒன்று வரும். அரங்கில் திருட்டுத்தனமாக எடுத்தவரின் கேமரா எச்டியாம். எதிரே தெரிந்த சாய்ந்த திரையும், குறுக்கே எழுந்து போன தலையும் எந்த டியில் சேர்த்தி? இதே ‘எச்டிகேம்’ என்ற பெயரில் சோனி நிறுவனம் 1997-இல் தொழில்முறைப் பதிவு நாடா ஒன்றை வெளியிட்டது. ஒரே சொல், ஒன்று மேல்தளம், இன்னொன்று அடித்தளம். சூழல் தெரியாமல் சொல்லுக்குப் பொருள் இல்லை என்று நாம் இலக்கண வகுப்பில் சொல்வது இங்கேயும் பொருந்துகிறது.

பழைய படமும் புதிய முத்திரையும்

‘4கே ரீமாஸ்டர்’ என்று பழைய தமிழ்ப் பாடல்கள் யூடியூப்பில் குவிகின்றன. இதில் இரண்டு வகை இருக்கின்றன. 35 மி.மீ. படச்சுருளின் மூலப்பிரதியை நல்ல கருவியில் வருடி எடுத்தால் உண்மையிலேயே டிவிடியை மிஞ்சும் விவரம் கிடைக்கும். படச்சுருளில் அவ்வளவு சேமிப்பு உண்டு. ஆனால், எப்போதோ ஒளிபரப்புக்காக நாடாவில் ஏற்றிய 576 வரிப் பிரதியை மென்பொருளால் இழுத்து 2160 ஆக்கினால், அது ஊதிய பலூன். மென்பொருள் நடுவில் சேர்ப்பது ஊகமான புள்ளிகள். இரண்டுக்கும் முத்திரை ஒன்றே.

இதைவிடப் பெரிய இழப்பு சட்டகத்தில் நடக்கிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்திய தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய சதுரமான திரைக்காக எடுக்கப்பட்டவை. அகலம் உயரத்தைப் போல் 1.37 மடங்கு. இன்றைய தொலைக்காட்சித் திரையில் அது 1.78 மடங்கு. ஆகவே, 1973-க்கு முந்திய படம் உங்கள் திரையை இரு ஓரமும் நிறைத்துக்கொண்டு ஓடினால், ஒன்று மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், அல்லது பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள். வெட்டியிருந்தால் படத்தில் ஏறக்குறைய 23 விழுக்காடு போயிற்று. சினிமாஸ்கோப் அகலமான 2.35-க்கு வெட்டினால் ஏறக்குறைய 42 விழுக்காடு போகும்.

பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) 2012-இல் மின்னியல் முறையில் புதுப்பிக்கப்பட்டு, சினிமாஸ்கோப் அகலத்தில் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. புதிய தலைமுறை அதைப் பெரிய திரையில் பார்த்தது நல்ல காரியம். நிறத்துக்கும் ஒலிக்கும் உயிர் வந்ததையும் மறுக்க முடியாது. ஆனால், சதுரத்துக்கு அமைத்த காட்சியை நீள்பட்டையாக்கினால் எதையாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தப் பிரதியை வைத்து “இயக்குநர் அண்மைக்காட்சிகளை மிக நெருக்கமாக அமைத்திருக்கிறார்” என்று மாணவர் எழுதினால், அது பந்துலுவின் தேர்வா, வெட்டியவரின் தேர்வா என்று திருத்துகிற ஆசிரியர் கேட்க வேண்டும்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) போன்ற ஒரு படத்தை இப்படி வெட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பரதம் ஆடுபவரின் பாதம் சட்டகத்துக்கு வெளியே போகும். தாளம் கேட்கும், தாளமிடும் கால் தெரியாது. அதற்கு மேல் 4கே என்று முத்திரை குத்துவது யாருக்கு? இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வரும் பழைய டிவிடியில் புள்ளி குறைவு, படம் முழுமை. திறனாய்வு மாணவருக்கு எது தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

நம் அலமாரியில் இருப்பவை

இது சினிமாவோடு முடிவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தமிழ்ப்பள்ளிகளிலும், ஆலயங்களிலும், இயக்கப் பணிமனைகளிலும் 80-களிலும் 90-களிலும் எடுத்த விஎச்எஸ் நாடாக்கள் இன்னும் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. தோட்டத்துத் திருவிழா, மேடை நாடகம், பேச்சுப்போட்டி, இப்போது இல்லாத ஒரு பள்ளிக் கட்டடத்தின் திறப்பு விழா. ஈரமான நம் தட்பவெப்பத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். அவற்றை ஓட்டும் கருவியும் அருகி வருகிறது. கடைசியாக அதைத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திக்கொண்டது.

“பழைய கேசட்டை எச்டியா மாத்தித் தர்றோம்” என்று எவராவது சொன்னால், இதுவரை பார்த்ததை நினைவில் வையுங்கள். விஎச்எஸ் நாடாவில் எச்டி இல்லை. இல்லாததை எடுக்க முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது, நாடாவில் உள்ளதைக் குறையாமல் எடுத்துத் தர முடியுமா என்பதே. 720 × 576 அளவிலேயே, அதிகப் பிட் வீதத்தில், முகத்தை இழுக்காமல், ஓரத்தை வெட்டாமல் ஒரு மூலக்கோப்பு வேண்டும். விநாடிக்கு 25 மெகாபிட் தரும் ‘டிவி’ முறையில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 கிகாபைட் ஆகும். இன்றைய சேமிப்பு விலையில் அது பாரமல்ல. புலனத்தில் அனுப்ப வேண்டுமா, அதற்குச் சிறிய பிரதி ஒன்றைப் பிறகு செய்துகொள்ளலாம். மூலத்தைச் சிறியதாக எடுத்துவிட்டு நாடாவை வீசிவிட்டால், பிறகு எந்த முத்திரையும் அதை மீட்டுத் தராது.

கோப்புக்கு நீங்களே ஒரு நேர்மையான முத்திரை எழுதுங்கள்: எந்த நிகழ்ச்சி, எந்த ஆண்டு, எந்த வகை நாடா, எப்போது மாற்றியது, என்ன அளவு. ‘எச்டி’ என்ற இரண்டெழுத்தைவிட இந்த ஒரு வரி நாளைக்கு ஆய்வு செய்யப் போகும் மாணவருக்கு உதவும்.

வகுப்பறைக்கு நான்கு கேள்விகள்

எந்தக் காணொளியையும் பாடத்துக்கு எடுக்குமுன் மாணவர்களையே கேட்கச் சொல்லுங்கள்.

1. எத்தனை புள்ளி? முத்திரை உயரத்தைச் சொல்கிறதா, அகலத்தைச் சொல்கிறதா?
2. எவ்வளவு தரவு? கோப்பின் மெகாபைட்டை எட்டால் பெருக்கி, விநாடிகளால் வகுத்தால் என்ன வருகிறது?
3. எங்கிருந்து வந்தது? படச்சுருளா, நாடாவா, ஒளிபரப்பா? காட்ட நமக்கு உரிமை உண்டா?
4. சட்டகம் முழுசா? முகம் அகன்றிருக்கிறதா? தலையோ பாதமோ வெட்டுப்பட்டிருக்கிறதா?

தேர்வு மாணவர்கள் கருத்து விளக்கக் கட்டுரைக்கும் இதைப் பயன்படுத்தலாம். ‘விளம்பர மொழி’ பற்றியோ ‘ஊடகமும் நுகர்வோரும்’ பற்றியோ தலைப்பு வந்தால், “விளம்பரங்கள் மக்களை ஏமாற்றுகின்றன” என்று பொதுவாக எழுதுவதைவிட, 1080 உயரத்தையும் 4கே அகலத்தையும் எண்ணுகிறது என்ற ஒரே சான்றை வைத்து வாதிடுவது வலுவாக இருக்கும்.

மூலபாடம் எது, பாடபேதம் எது என்று பார்த்துத்தான் நாம் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தோம். ஓலையில் கிடைத்ததை அப்படியே நம்பிவிடவில்லை, சுவடிகளை ஒப்பிட்டோம். அசையும் படத்துக்கும் அதே கண் வேண்டும். உயர்தெளிவு முதலில் இருக்க வேண்டிய இடம் பார்ப்பவரின் கேள்வியில்.